பக்கத்தில் வேலை செய்பவரைப் பற்றி ஒரு பக்கம்

சிறந்த ஊழியர் விருதுக்குப் பெயர் கேட்டு நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டினால், அதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர், "யாருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். சில இடங்களில் அது உண்மைதான். மேலதிகாரிக்கு வேண்டியவருக்குப் போகும். இல்லையென்றால் போன வருஷம் அந்த செக்‌ஷன், இந்த வருஷம் இந்த செக்‌ஷன் என்று முறை வைத்துக் கொடுப்பார்கள். ஆனால் தேர்வுக் குழுவில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல வேலைக்காரர்களின் பெயர் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் சதி காரணமில்லை. அவர்களைப் பற்றி யாரும் ஒரு தாள்கூட எழுதிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

திருச்சி அருகே திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு, துவாக்குடிப் பக்கம் அதை நம்பிச் சின்னதும் பெரிதுமாக எத்தனையோ பட்டறைகள் வந்தன. அப்படி ஒன்றில்தான் என் காலம் போயிற்று. அங்கே குழுவுக்கு வரும் பரிந்துரைகளைப் படித்தால் தூக்கம் வரும். "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், அனைவரிடமும் அன்பாகப் பழகுபவர்." பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதினாலும் பொருந்தும். இதை வைத்துக்கொண்டு யாரை யாரோடு ஒப்பிடுவது?

ஒரு வருஷம் ஹெல்ப்பர் பையன் ஒருவன், எழுத்துப் பிழைகளோடு நான்கே வரி எழுதியிருந்தான். கொதிகலன் குழாய்கள் நெருக்கி நெருக்கி நிற்கும். பின்பக்கத்து இணைப்புக்குக் கை போகும், கண் போகாது. அங்கே ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டி, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்தே வெல்டர் பற்றவைப்பார். இடமும் வலமும் மாறித் தெரிவதால், புதியவன் கை தன்னால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே வேர் பிடிக்காத இடம் தெரிந்தால் அறுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். பையன் எழுதியது இதுதான்: எங்கள் வெல்டர் ஷிப்ட் முடிந்ததும் கழிவுக் குழாய்த் துண்டில் கண்ணாடி கட்டிப் புதுப் பையன்களைப் பழக்குகிறார், அப்படிப் பழகிய மூன்று பேர் வெல்டர் தகுதித் தேர்வில் தேறிவிட்டார்கள், அந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அதற்குமேல் குழுவில் பேச்சே எழவில்லை.

என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, யாரைக் கேட்டால் தெரியும். பிள்ளைகளே, பரிந்துரைக்கு இது போதும். குணத்தைப் பாராட்ட வேண்டாம், செய்த வேலையைச் சொல்லுங்கள். குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பெரிய கோயிலில், கைங்கர்யம் செய்பவர்களைப் பெருமாள் முன் அழைக்கும் அருளப்பாடு சொல்லும்போது, பெருமாளை எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகளையும் அவர்கள் செய்யும் கைங்கர்யத்தின் பெயராலேயே கூப்பிடுவார்கள். அவர்கள் 'நாயிந்தே' என்று குரல் கொடுப்பார்கள். தோளில் சுமக்கிறவர் யார் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் நம் ஊரில் அன்று தொட்டு இருக்கிறது. ஆலைக்குள் வந்ததும் நமக்கு ஏனோ வாய் வருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரயில்வேயில் கீமேன் தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் கொடியுமாக விடியற்காலையில் தண்டவாளத்தில் நடப்பார். மார்கழிக் குளிரில் இரும்பு சுருங்கும்போது பற்றவைத்த இடங்களில் விரிசல் விடும். அதைக் கண்டுபிடித்து, சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துகிறவருக்குக் கோட்ட மேலாளர் கையால் ரொக்கமும் சான்றிதழும் கிடைக்கும். மறுநாள் பேப்பரில் படமும் வரும். கிடைக்க வேண்டியதுதான். ஆனால் தன் எல்லையில் கழன்றுபோன கிளிப்பையெல்லாம் நாள் தவறாமல் அடித்து இறுக்கி, விபத்தே வராமல் பார்த்துக்கொள்கிறவரை யார் படம் எடுப்பது? விபத்து நடக்காததற்குச் சாட்சி கிடையாது. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். சம்பளப் பட்டியலில் தப்பே வராமல் பார்க்கும் குமாஸ்தாவோ, ஸ்டோரில் கேட்ட பொருளைக் கேட்ட நிமிஷத்தில் எடுத்துத் தரும் பெண்மணியோ. எழுதுவதென்றால் அவரைப் பற்றி எழுதுங்கள். கைதட்டல் ஏற்கெனவே கிடைத்தவருக்கு உங்கள் தாள் தேவையில்லை.

பெரிய விருதுகளும் தாளில்தான் தொடங்குகின்றன. பிரதமரின் ஷ்ரம் விருதுகளில் ஷ்ரம் ரத்னா, ஷ்ரம் பூஷண், ஷ்ரம் வீர், ஷ்ரம் ஸ்ரீ என்று படிகள் உண்டு. அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும், 500 பேருக்குக் குறையாத தனியார் ஆலைகளிலும் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கானவை இவை. திருச்சி பெல் தொழிலாளர்கள் பலமுறை வாங்கியிருக்கிறார்கள். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம். 800 சொல்லுக்குள் அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். நம் திருச்சியிலிருந்து ஸ்கோப் அமைப்பின் சுப்புராமனுக்கு 2021-லும், கிராமாலயா தாமோதரனுக்கு 2022-லும் பத்மஸ்ரீ கிடைத்தது. இருவரும் உழைத்தது கழிப்பறைக்காகவும் சுகாதாரத்துக்காகவும். மேடையில் பேச நாம் கூச்சப்படும் விஷயம்!

தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018-லிருந்து ஆசிரியர்களே விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். சிபாரிசு பிடிக்க அலைய வேண்டியதில்லை என்ற மட்டில் நல்லதுதான். ஆனாலும் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூசுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்காக எழுத அடுத்த மேஜைக்காரர் வேண்டும்.

சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேடை ஏறவே பிடிக்காதவர்கள் உண்டு; அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. எண்களை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். ஒரு எண் பொய்யென்று தெரிந்தால், மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். "என் வழிகாட்டுதலில் இவர்" என்று உங்களை நடுவில் நுழைக்காதீர்கள். குழுவில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு விதியில் இடமில்லை என்பார்கள். பல இடங்களில் அப்படித்தான், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காத விதி. அப்போதும் எழுதிக் கொடுத்து, ஒரு பாராட்டுக் கடிதமாவது கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறு கம்பெனி வாசலில் நிற்கும்போது அந்தக் கடிதம்தான் அவர் கையில் இருக்கும்.

விருது கிடைக்காமலும் போகலாம். எழுதியதில் ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தன் வேலையை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் என்று ஐம்பது வயது வரை அறியாதவர்கள் இருக்கிறார்கள்.

சுற்றறிக்கை வந்தபிறகு யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. கடைசி நாளில் உட்கார்ந்தால் "கடின உழைப்பாளி" என்றுதான் பேனா ஓடும். இந்த வாரமே ஒரு நோட்டில் அவர் பெயரைப் போட்டு, செய்ததையும் தேதியையும் குறித்து வையுங்கள்.