பேசாத பிள்ளை

சுவாமிமலைக்காரர்களுக்குப் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிள்ளை உபதேசம் செய்ய, தகப்பன் கைகட்டிக் கேட்ட ஊர் அல்லவா? அறுபது படிகள் ஏறி மூச்சு வாங்க நிற்கிறவர்களிடம், முருகன் சிவபெருமானின் காதில் பிரணவத்தின் பொருளைச் சொன்ன கதையை, பக்கத்து வீட்டில் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். பேச்சு வராத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் அந்தப் படிகளில் ஏறுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவிலும் அப்படி ஒரு குழந்தை. இரண்டு வயது. ஓடுவான், சிரிப்பான், கண்ணாலேயே ஆயிரம் கேள்வி கேட்பான். வார்த்தை மட்டும் வரவில்லை.

"எங்க சின்ன மாமாவுக்கு அஞ்சு வயசிலேதான் பேச்சு வந்தது. அப்புறம் கோர்ட்டையே கலக்கினார். நீ சும்மா இரு" என்றாள் பாட்டி.

மருமகள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டாள். எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

"மாமாவுக்குக் காது கேட்டதும்மா. இவனுக்குக் கேக்கலே" என்றாள்.

பேச்சு வாயில் பிறப்பதில்லை; காதில் பிறக்கிறது. கருவில் இருக்கும்போதே குழந்தைக்கு ஓசை கேட்கத் தொடங்கிவிடும். பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷங்கள் மூளை மொழிக்காக ஏங்கி நிற்கிற காலம். காவேரிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்று முற்றிய பிறகு நட்டால், எவ்வளவு உரம் போட்டாலும் தூர் கட்டுவது குறைவுதான். பயிரே வராது என்பதில்லை; பாடு அதிகம், பலன் குறைவு.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலக் குழந்தைகளைப் பற்றி 1998-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்து உதவி பெற்ற குழந்தைகள், பின்னால் தெரியவந்தவர்களைவிட மொழியில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்று வைத்தியர்கள் இன்று கணக்குச் சொல்கிறார்கள். சோதனையும் பயப்படும்படியானதல்ல. தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் குமிழ் ஒன்றை வைத்தால், உள்காது எதிரொலி தருகிறதா என்று கருவி சில நிமிஷங்களில் சொல்லிவிடும்.

சென்னையில் 1969-லேயே பால வித்யாலயா என்ற பள்ளி, காது கேளாத சிறு குழந்தைகளுக்கென்று தொடங்கியது. கட்டணம் கிடையாது, ஆனால் தாயும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். மத்திய அரசு 2013-ல் கொண்டுவந்த திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். மேற்கொண்டு கவனிக்க மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. கருவி பொருந்தாத குழந்தைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதுவும் மொழிதான், அதற்கும் சீக்கிரம் தொடங்குவது நல்லது.

எங்கள் தெருப் பிள்ளைக்கு இப்போது காதில் கருவி. காய்கறி நறுக்கும்போதெல்லாம் அவன் தாய், "கத்தரிக்காய், வெண்டைக்காய்" என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. பிறந்த மாதமே சோதித்திருந்தால், இந்த வேலையை ஒன்றரை வருஷம் முன்னாலேயே தொடங்கியிருப்பாள்.

உங்களிடம் ஒரு தாய் வந்து, "குழந்தைக்கு இன்னும் பேச்சு வரலே" என்று சொன்னால், முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். தாம்பாளச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டான் என்றாலும் விட்டுவிடாதீர்கள்; பெரிய ஓசை கேட்கிற காதுக்கு மெல்லிய பேச்சு கேட்காமல் போகலாம். உங்கள் மாமா கதை எங்கேயும் ஓடிப்போய்விடாது. அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.