அழுத்தினால் அபஸ்வரம்

மயிலாப்பூர், சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. காலை ஐந்தே முக்கால். மார்கழி என்பதால் வாசல் கோலம் இன்னும் காயவில்லை. கதவைத் திறந்த மாமி என் தோளில் தொங்கிய கிதார் உறையைப் பார்த்தார்.

"அதை அந்த மூலையில சாத்தி வைங்கோ. முதல்ல கை அலம்பிண்டு வாங்கோ, வெந்நீர் இருக்கு."

நான் போன காரணம் என் இடது கை மோதிர விரல். நாற்பது தாண்டி கிதார் பிடித்தவன் நான். விரலில் வலு போதவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, கைக்குள் வைத்து அமுக்கும் ஸ்பிரிங் ஒன்று வாங்கி, பஸ்ஸிலும் டிவி முன்னாலும் மூன்று மாதம் அமுக்கினேன். வலு வந்ததோ என்னவோ, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வலி வந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு வீணை டீச்சர் தினமும் விடியற்காலையில் விரலுக்காக மட்டுமே முக்கால் மணி நேரம் வாசிக்கிறார் என்று நண்பர் சொன்னார். பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பினேன்.

வெந்நீரில் கை அலம்பியது சம்பிரதாயம் இல்லை. மாமியும் மணிக்கட்டு வரை இரண்டு நிமிடம் முக்கி வைத்திருந்தார். துண்டில் துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்து, தோளை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வீணை முன் உட்கார்ந்தார். பலாமரத்தில் செய்த பழைய தஞ்சாவூர் வீணை. யாளி முகத்தில் பொன்வண்ணம் பாதி உதிர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். இடது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் தொட்டுக்கொண்டபோது அந்த விரல்நுனிகளைக் கவனித்தேன். தந்தி அறுத்த கோடு, கறுத்து, வாய்க்கால் மாதிரி ஓடியது.

இடது கை மடியில் இருக்க, ஆரம்பித்தது வலது கை. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று நாலு தந்திகளையும் ஆள்காட்டியும் நடுவிரலும் மாறி மாறி மீட்டின. எந்த விரல் மீட்டியது என்று காதால் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரே கனம். பிறகு சுண்டுவிரல் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைக் கீழிருந்து மேலாக வருடி ஆதி தாளத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியது அதன் பொறுப்பு. ஐந்து நிமிடம் இதுவே நடந்தது. கிதாரைத் தொட்டதும் இடது கையை ஓட விடுகிறவன் நான். வலது கைக்கும் ஒரு காலைப் பொழுது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்தது ஸரளி வரிசை, மாயாமாளவகௌளையில். புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே பாலபாடம். எழுபது வயதில் என்ன ஸரளி வரிசை என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் மெட்டுகளை, அதாவது வீணையின் ஃப்ரெட்டுகளை, எண்ணினேன். வீணையில் 24 மெட்டுகள். ஸட்ஜம் திறந்த தந்தியில். ரிஷபம் முதல் மெட்டு, காந்தாரம் 4, மத்யமம் 5, பஞ்சமம் 7, தைவதம் 8, நிஷாதம் 11, மேல் ஸட்ஜம் 12. ஒரு குட்டி அடி, ஒரு பெரிய தாவல், மறுபடி குட்டி அடி. நான் தினமும் செய்யும் கிதார் பயிற்சியில் நாலு விரலும் அடுத்தடுத்த நாலு ஃப்ரெட்டில் பூரான் மாதிரி ஊரும், கை நகராது. இங்கே உழைப்பது இரண்டு விரல்கள்தான். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் விட்டுவிட்டு, அந்த இரண்டையும் சுமந்துகொண்டு முன்கை முழுவதும் பயணம் போகிறது.

மோதிர விரலை ஏன் விட்டார்கள் என்பது உங்கள் கையிலேயே தெரியும். உள்ளங்கையை மேசையில் பதித்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். வராது. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு இணைந்திருக்கிறது. எவ்வளவு ஸ்பிரிங் அமுக்கினாலும் அந்தக் கட்டு அவிழாது. ஜெர்மானிய இசைமேதை ஷூமான் இளவயதில், 1830களின் தொடக்கத்தில், விரலைப் பழக்க ஒரு கருவியை மாட்டிக்கொண்டார். வலது கை விரல் முடங்கிப்போய் பியானோக் கலைஞராகும் ஆசையையே விட்டார். கருவிதான் காரணமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. படித்தபோது எனக்கு என்னவோ கருவி மேல்தான் சந்தேகம்.

ஜண்டை வரிசைக்கு வந்தபோது மாமி வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஸஸ, ரிரி என்று இரட்டித்து வரும் ஸ்வரங்களில், இரண்டாவதுக்கு முன்னால் கீழ் ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு. அந்தத் தட்டில்தான் விரலின் தரம் தெரியும் என்றார். மூன்று காலம், அதாவது மூன்று வேகத்தில், வாசித்து நிறுத்தினார். "இப்போ நீங்க வாங்கோ."

எண்ணெய் தொட்டு, பஞ்சம மெட்டில் விரலை வைத்தேன். கிதார் பழக்கத்தில் ஓங்கி ஒரு அழுத்து. மீட்டியதும் மாமி முகம் சுளித்தார். எனக்கே கேட்டது, ஸ்வரம் மேலே ஏறியிருந்தது. வீணையில் மெட்டுகள் மெழுகு மேட்டின் மேல் உயரமாக நிற்கின்றன. தந்திக்குக் கீழே தாங்க மரம் கிடையாது, பள்ளம்தான். அழுத்த அழுத்தத் தந்தி உள்ளே இறங்கி இழுபடும், சுருதி கூடும். மேளம் கட்டியவர் மெழுகில் மெட்டை எவ்வளவு துல்லியமாகப் பதித்திருந்தாலும் என் பலம் அதைக் கெடுத்துவிடும்.

"விரலைச் சும்மா தந்தி மேல வைங்கோ. மீட்டுங்கோ. கரகரங்கறதா? கொஞ்சம் அழுத்துங்கோ. இன்னும் கொஞ்சம். கரகரப்பு போச்சோல்லியோ? அங்க நில்லுங்கோ. அதுக்கு மேல ஒரு குன்றிமணி வேண்டாம்."

கரகரப்பு நின்ற இடம், நான் வழக்கமாகப் போடும் அழுத்தத்தில் கால்வாசிகூட இல்லை. பத்து முறை அதையே செய்ய வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு.

"அப்போ தந்தியை இழுத்து வாசிக்கிற கமகத்துக்கு பலம் வேண்டாமா மாமி?"

"வேணும். ஆனா விரல்ல இல்லே." என் வலது கையால் என் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை அசைக்கச் சொன்னார். முழங்கைக்குக் கீழே தசை புரண்டது. விரலுக்குள் அசைக்கும் தசை என்று எதுவும் கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருப்பவை நாண் வழியாக இழுக்கின்றன. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரல் வெறும் கொக்கி, இழுப்பது கை. இதை மூன்று மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எண்ணெய்ச் செலவு மட்டும்தான் ஆகியிருக்கும்.

பையிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்துக் காட்டினேன். மாமி ஆர்வமாக வாங்கி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் மூடவில்லை. சிரித்துவிட்டுக் கீழே வைத்தார். அதே கையால் பஞ்சம மெட்டிலேயே தைவதத்தையும் நிஷாதத்தையும் இழுத்து வாங்கி, ஒரு நூல் பிசகாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

ஏழு மணிக்கு ஒரு மாணவி வந்தாள், பிளஸ் டூ படிக்கிறவள். கீழே கிடந்த ஸ்பிரிங்கை எடுத்து டக் டக்கென்று முழுசாக நாலு முறை மூடினாள். "சூப்பரா இருக்கு மாமி!" உட்கார்ந்ததும் ஜண்டை வரிசையை நேராக மூன்றாம் காலத்தில் எடுத்தாள். தைவதத்தைத் தாண்டுவதற்குள் விரல் சிக்கியது.

"எழுந்துக்கோ. வெந்நீர் இன்னும் ஆறலே" என்றார் மாமி.