பேரிடருக்கு ஒரு ரேடியோப் பெட்டி

பேரிடர் ரேடியோ என்பது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றுபோன வீட்டிலும் பேசக்கூடிய சிறிய பெட்டி. பேட்டரிக் கட்டையில் ஓடும். பல வகைகளில் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். சுற்றினால் உள்ளே இருக்கும் டைனமோ மின்சாரம் தரும். மேலே சூரியத் தகடு, முன்னால் டார்ச். கைப்பேசி கோபுரத்தைத் தேடி அவ்வப்போது அதற்குப் பதிலும் அனுப்ப வேண்டும். ரேடியோவுக்கு அந்த வேலை இல்லை, கேட்டால் மட்டும் போதும். அதனால்தான் அதற்கு அவ்வளவு குறைந்த மின்சாரம் போதுகிறது. ஒரே நேரத்தில் பத்து லட்சம் பேர் திருகினாலும் நெரிசல் என்பதே கிடையாது.

அந்தக் கைப்பிடிக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1991இல் பிரிட்டனைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் டிரெவர் பேலிஸ், ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். நோயைப் பற்றிய செய்தியைக் கிராமங்களுக்குக் கொண்டுசேர்க்க ரேடியோதான் வழி, ஆனால் பேட்டரி வாங்கும் வசதி அங்கே பலருக்கு இல்லை என்று அறிந்தார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் வில்லை முறுக்கி ஓட்டும் ரேடியோவைச் செய்துபார்த்தார். முதல் மாதிரி, இரண்டு நிமிடம் முறுக்கினால் 14 நிமிடம் பாடியது. பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அது பெருமளவில் தயாரானது. இன்று வசதியுள்ள வீடுகளின் அவசரப் பையில் இருக்கும் பொருள், ஏழை வீட்டுக்குச் செய்தி போய்ச்சேர வேண்டும் என்ற கவலையில் பிறந்தது.

ரேடியோ பிடிக்கும் அலைகளில் மூன்று முக்கியமானவை. எஃப்.எம். தெளிவாகக் கேட்கும், ஆனால் ஏறக்குறைய அடிவானத்தோடு நின்றுவிடும். மத்திய அலை பகலில் சில நூறு கிலோமீட்டர் போகும்; இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நாடு தாண்டும். சிற்றலை கண்டம் தாண்டும். வளைகுடா நாடுகளில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பெட்டிகளில் ‘வானிலை அலை’ என்று ஒரு வசதியைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அமெரிக்க அரசு நடத்தும் வானிலை ஒலிபரப்புக்கானது அது. துபாயிலோ மஸ்கட்டிலோ அதைத் திருகினால் இரைச்சல்தான். அந்தப் பெட்டிகளில் டிஜிட்டல் முறையில் திருகுபவற்றின் மத்திய அலையும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தாவும். வளைகுடாவிலும் இந்தியாவிலும் இடைவெளி 9. இடைவெளியை மாற்றும் வசதி இல்லாத அத்தகைய பெட்டியில் பல நிலையங்கள் ஒழுங்காகப் பிடிபடமாட்டா.

வளைகுடாவில் ரேடியோவின் அருமை முழுதாகத் தெரிந்தது 1990இல். ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில். வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. ஊரிலிருந்து கடிதம் இல்லை. கைப்பேசி என்ற ஒன்று தொழிலாளிக்கு எட்டாத காலம். யார் வெல்கிறார்கள், எல்லை திறக்குமா, இந்திய அரசு என்ன செய்கிறது என்பதற்கெல்லாம் அறைக்குள் இருந்தபடி பதில் தேட ஒரே வழி ரேடியோதான். வெளிநாட்டவர் பலர் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்டிருந்த அந்த மாதங்களில், குடும்பத்தார் சொல்லும் செய்திகளை அவர்களுக்கு ஒலிபரப்பவே பி.பி.சி. உலக சேவை ‘கல்ஃப் லிங்க்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தியது. இந்தியர்கள் பாக்தாத் வழியே ஜோர்டானின் அம்மானுக்குப் போய்ச்சேர்ந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் ஊர் திரும்பினார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான பயணங்கள்.

அந்த அறைகளில் இருந்தது பேரிடருக்கென்று வாங்கிய கருவி அல்ல. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர் தோளில் தொங்கவிட்டு வந்த அதே டூ-இன்-ஒன்தான். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது. பெரிய கட்டைகள் ஆறோ எட்டோ போட்டால் மின்சாரம் இல்லாமலும் ஓடும். கம்பியை நீட்டினால் சிற்றலையும் எடுக்கும். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கத்து வீடுகளில் அது வெறும் பாட்டுப்பெட்டியாக இருந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் கேசட்டில் பேசி அனுப்புவாள். மகன் வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்தபடி கேட்பான். மறுபக்கத்தில் தன் பதிலைப் பதிந்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவான். பிள்ளையின் அழுகை, கோழியின் கொக்கரிப்பு, பாங்கோசை எல்லாம் அந்த நாடாவில் ஏறி வரும். போர் வந்ததும் அதே பெட்டி செய்திக்குத் திரும்பியது. ஒரு தலைமுறையின் பேரிடர் ஆயத்தம் யாரும் திட்டமிடாமலே நடந்திருக்கிறது. அந்தப் பெட்டிகளைப் பழையவை என்று ஒதுக்கிய பல வீடுகளில், அந்த இடத்தை நிரப்ப இன்றுவரை எதுவும் வரவில்லை.

ஒலிபரப்பும் பேரிடருக்குத் தப்பியதல்ல. ஓமனை ஒட்டி அரபிக்கடலில் இருக்கும் மசீரா தீவிலிருந்துதான் பி.பி.சி. நெடுங்காலம் வளைகுடாவுக்கும் தெற்காசியாவுக்கும் மத்திய அலையில் அனுப்பிவந்தது. 1977 ஜூன் புயல் அந்தத் தீவின் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. ஒலிபரப்பு நிலையமும் சேதமடைந்தது. 2007 ஜூனில் கோனு புயல் ஓமனைத் தாக்கியபோது ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் முடங்கி, மஸ்கட்டில் நாள்கணக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு. எந்தப் பகுதிக்குத் தண்ணீர் லாரி வரும் என்று அறிவதுதான் அப்போது பெரிய செய்தி. 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் அதே ஓமனின் பாத்தினாக் கடற்கரையில் கரையேறியது.

பாலைவனத்துக்கு வெள்ளம் வராது என்ற நினைப்பு 2024 ஏப்ரல் 16இல் அமீரகத்திலும் உடைந்தது. அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மி.மீ. கொட்டியது, 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இதுவே உச்சம். துபாய் விமான நிலையம் நீரில் நின்றது. ஷார்ஜாவில் சில அடுக்குமாடிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை. பத்தாம் மாடியில் சார்ஜ் தீர்ந்த கைப்பேசியோடு இருப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் எட்டாது. காரில் ரேடியோ உண்டுதான், ஆனால் கார் தண்ணீருக்குள்.

கருவி இருந்தால் மட்டும் போதாது, அதில் பேசுகிறவர் கேட்பவரின் மொழியில் பேச வேண்டும். அமீரகத்தில் கைப்பேசிக்கு வரும் அவசர எச்சரிக்கைகள் பெரும்பாலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையினரோ வெளிநாட்டவர். துபாயில் 89.4, 106.5 என்ற எண்களில் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் ஒலித்தன, அவை பாட்டும் பேச்சுமாக இயங்கியவை. பி.பி.சி.யின் தமிழோசை 1941இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30ஆம் தேதி வானொலியில் நின்றது. அதோடு சிற்றலையில் தமிழ்ச் செய்திக்கு இருந்த பெரிய வழியொன்று அடைபட்டது. தொழிலாளர் முகாமில் எட்டுப் பேர் தங்கும் அறைக்குத் தீயணைப்பானும் முதலுதவிப் பெட்டியும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அவர்கள் மொழியில் வரும் எச்சரிக்கை.

பெட்டியைப் பேணுவதற்கும் இந்த நாடுகளின் வெயில் தனி விதி வைக்கிறது. கோடையில் நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள் அதைவிட வெகு அதிகம். அங்கே வைத்த லித்தியம் பேட்டரி சீக்கிரம் திறன் இழக்கும், கார வகைக் கட்டைகள் கசிந்து பெட்டியை அரிக்கும். ஆகவே ரேடியோவை வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள், கட்டைகளைக் கழற்றித் தனியே வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டுத் திருகிப் பாருங்கள். உள்ளூர் நிலையங்களின் எண்களையும், உங்கள் மொழி கேட்கும் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டுங்கள். பக்கத்து அறையில் ரேடியோ இல்லாதவருக்கும் பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டிவையுங்கள்.