தோமையார் நடந்த வழியில் முதலீடு

மயிலைச் சாந்தோம் பேராலயத்தின் முன் ஒரு சனிக்கிழமை காலை நின்றுகொண்டிருந்தேன். கேரளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் புனித தோமையாரின் கல்லறையைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தது. உடன் வந்த பாட்டியாருக்குக் கால் வலி. "சற்றுப் படுத்து எழ ஓர் இடமும், வீட்டுச் சாப்பாடும் கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டனர். பெரிய ஓட்டல்களைத்தான் என்னால் காட்ட முடிந்தது. அரைமணியில் அவர்கள் ஆட்டோ ஏறிச் சென்றுவிட்டனர்.

இயேசுவின் திருத்தூதர் ஒருவரின் கல்லறைமீது எழுந்த ஆலயங்கள் என்று உரோமையும், ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு நகரும், நம் மயிலையும் போற்றப்படுகின்றன. 1896இல் கட்டி முடிக்கப்பெற்ற இவ்வாலயம் 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கு வந்து செபித்தார். ஆனால் சந்தியாகுவுக்கு வருவோர் பலர் நாள்கணக்கில் நடந்து வருகின்றனர். 2023இல் மட்டும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் அவ்வாறு சென்று சேர்ந்தனர். வழியிலுள்ள சிற்றூர்களின் பங்கு இல்லங்களும், எளிய விடுதிகளும், ரொட்டிக் கடைகளும் அவர்களால் வாழ்கின்றன. நம்மிடம் வருவோரோ அரைமணி நேரத்தில் அகன்றுவிடுகின்றனர்.

நமக்கும் அத்தகைய வழி ஒன்று உண்டு என்பதை நாமே மறந்துவிட்டோம். சாந்தோமிலிருந்து புறப்பட்டு, 1516ஆம் ஆண்டைக் கல்வெட்டில் தாங்கி நிற்கும் லஸ் பிரகாச மாதா ஆலயத்தைக் கண்டு, அடையாற்றங்கரையை ஒட்டிச் சைதாப்பேட்டைச் சின்னமலையை அடைந்து, அங்கிருந்து பரங்கிமலை ஏறினால் மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமே. மலையுச்சியில், 1547இல் அகழ்ந்தபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இவ்வழியில் முதன்முதல் பெரிய அளவில் முதலீடு செய்தவர் ஓர் ஆர்மீனிய வணிகர். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். 1726இல் சைதாப்பேட்டையருகே அடையாற்றின்மேல் தம் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். இவற்றைப் பிற்காலத்தில் பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கிவைத்தார் என்பதே என்னை வியக்கவைக்கிறது. திறப்பு விழாவோடு எல்லாம் முடிந்துவிடும் பல திட்டங்களைக் கண்டவர்கள் அல்லவா நாம்! அவர் கட்டிய பாலம் நின்ற இடத்தில் இன்று மறைமலை அடிகள் பாலம் உள்ளது.

முதலீடு என்றதும் கடற்கரையில் மாளிகைகளை எழுப்புவதே நம்மவர் நினைவுக்கு வருகிறது. 2003இல் மெரினாவின் தென்பகுதிக் கடற்கரையை மலேசிய நாட்டு உதவியுடன் மாற்றியமைக்கத் திட்டமிட்டு, எதிர்ப்புக்குப்பின் கைவிட்டனர். அதற்கு முன் 1985இல், கடற்கரையை அழகுபடுத்துவதற்காக மீனவரின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது துப்பாக்கிச் சூடு வரை சென்று உயிர்கள் பலியாயின. சாந்தோம் ஆலயத்தின் பின்புறம் வாழ்வோரும் மீனவரே. அவர்களை ஒதுக்கிவிட்டு வரும் எந்த வளர்ச்சியையும் நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். 2024இல் லூப் சாலையில் மாநகராட்சி நவீன மீன் அங்காடி ஒன்றைத் திறந்தது. வரும் பயணிகள் அதன் அருகே அமர்ந்து மீன் குழம்பும் சோறும் உண்ண வகைசெய்தால், அந்த வருவாய் மீன் விற்கும் தாய்மாரையே சேரும்.

வீடுள்ள குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே ஒன்று முதல் ஆறு அறைகள் வரை பயணிகளுக்கு அளித்துக் காலை உணவும் வழங்கும் திட்டத்தை மத்திய சுற்றுலா அமைச்சகம் வகுத்துள்ளது. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் மயிலையிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன! தூய படுக்கை, நல்ல குளியலறை, இட்டிலி, காப்பி, இவற்றோடு வழி சொல்ல ஒரு மனிதர் இருந்தால் போதும். 2023இல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை இத்துறைக்குத் தொழில் தகுதியும் அளித்துள்ளது. எனினும் உரிமம், தீயணைப்பு வசதி, வரி ஆகியவற்றை முறையாகக் கேட்டறியாமல் எவரும் கடன் வாங்கி இறங்க வேண்டாம். முதலில் ஓர் அறையோடு தொடங்குவதே அறிவுடைமை.

மற்றொரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வழியில் நடப்பது எளிதன்று. நடைபாதைகள் உடைந்து கிடக்கின்றன. கிண்டிப் பக்கம் சாலையைக் கடப்பதே ஒரு தவம். நிழல் மரங்கள், குடிநீர், கழிப்பறை, வழிகாட்டும் பலகைகள் ஆகிய நான்கிற்கும் ஆகும் செலவு ஒரு மாளிகையின் அடித்தளத்துக்கும் ஆகாது. பங்கு இளைஞர்கள் முதலில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சாந்தோமிலிருந்து புறப்பட்டு நடந்து பார்க்கட்டும். எங்கே தண்ணீர் இல்லை, எங்கே நிழல் இல்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். கால்வலிக்காரப் பாட்டியார் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் கணக்கு இன்னும் சரியாக வரும்.