மலைக்கோட்டை அடிவாரத்தில் அக்கா

திருச்சிக்குப் போனால் முதலில் மலைக்கோட்டை, அப்புறம் ஸ்ரீரங்கம். அது எங்கள் வீட்டு வழக்கம். 2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கிளம்பினோம். அக்கா, நான், என் மகள், அவளுடைய இரண்டு வயசுப் பையன்.

அக்கா மட்டும் அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நின்றுவிடுவாள். "உச்சிப் பிள்ளையாரை விசாரிச்சதாச் சொல்லு" என்பாள் சிரித்துக்கொண்டே. 1960-ல், இதே இரண்டு வயதில், ஒரு காய்ச்சல் அவள் வலது காலைச் சூம்பச் செய்துவிட்டது. சொட்டு மருந்து எங்கள் ஊரை எட்டிப் பார்க்காத காலம்.

இறங்கி வந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அங்கே போலியோ முகாம். "பையனுக்குப் போட்டாச்சாம்மா?" என்றார் நர்ஸ்.

"எல்லாத் தவணையும் போட்டாச்சு. நாட்டிலேயே போலியோ இல்லையாமே, திரும்பத் திரும்ப எதுக்கு?" என்றாள் மகள்.

கேள்வி நியாயந்தான். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் ஹவுராப் பக்கம் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றே கொடுத்துவிட்டது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஓயவில்லை. அங்கே எல்லை தாண்டிப் போய்வரும் குடும்பங்களோடு கிருமியும் போய்வருகிறது. தொற்றுகிற இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் முடங்கும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே, குடலில் கிருமியைச் சுமந்து, தங்களுக்கே தெரியாமல் பரப்புவார்கள். திருச்சி எல்லையூர் இல்லைதான். ஆனால் வெளிநாட்டு விமானம் இறங்குகிற ஊருக்கு எல்லை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

ஏன் இத்தனை தடவை என்பதற்கும் காரணம் உண்டு. மேல்நாட்டுக் குழந்தைகளுக்குப் பிடிக்கிற அளவு நம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து பிடிப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான் 1970-களிலேயே இதைக் கண்டு எழுதினார். ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே நாளில் போடும்போது, கிருமிக்கு ஒண்ட இடமில்லாமல் போகிறது.

இதையெல்லாம் நான் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். (எனக்கு ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.) அதற்குள் அக்கா, "கொடுடி பிள்ளையை" என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விந்தி விந்தி மேஜைக்குப் போனாள். இரண்டு சொட்டு. இடது சுண்டுவிரலில் மை. மகள் வாயே திறக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் மலையேறும் வேலை கிடையாது. அக்காதான் எங்களுக்கு முன்னால் நடந்தாள். பையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மை விரலை ராஜகோபுரத்துக்குத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான்.