கண்ணிகளின் பிடி

வேட்டி நெய்த துணி. பாவும் ஊடும் நேராக ஓடுவதால் இழுத்தால் அதிகம் நீளாது. பனியன் பின்னிய துணி. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு செல்கிறது. இழுத்தால் கண்ணிகள் உருமாறி வழிவிடும். அதனோடு ரப்பர் நூலும் சேர்ந்தால், விரிந்த துணி மீண்டும் சுருங்கப் பார்க்கும். உள்ளே கால் இருந்தால் அதை அழுத்தும்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகப் பல்கலைக்கழகம் வந்த நான் இதைப் படித்தது ஆங்கிலத்தில். தமிழில் சொல்ல வேண்டிய தேவை வீட்டில்தான் வந்தது.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் குடும்பம் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தது. அம்மா தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர். காலில் நரம்பு புடைத்து, கணுக்கால் கறுத்து, சென்ற ஆண்டு புண்ணும் வந்தது. கால் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பின் மருத்துவர் அழுத்தக் காலுறை கொடுத்தார்.

"காலைக் கவ்வுதுய்யா" என்று அம்மா அதன் மேல்விளிம்பை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நிற்கும்போது இரத்தத்தின் பாரம் கணுக்காலில்தான் அதிகம்மா. அதனால்தான் அங்கே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. மடித்தால் இரண்டு அடுக்கு ஆகிவிடும். மேலே கயிறு கட்டியதுபோல் இறுகினால் கீழே இருக்கும் இரத்தம் எப்படி ஏறும்?"

இதற்குப் பின்னால் லாப்லாஸ் விதி இருக்கிறது. துணியின் இழுவிசையை ஆரத்தால் வகுத்தால் அழுத்தம். ஒரே இழுப்பு மெலிந்த கணுக்காலை அதிகமாகவும் பருத்த கெண்டைக்காலைக் குறைவாகவும் அழுத்தும். ஜெர்மானியத் தர அளவில் இரண்டாம் வகைக் காலுறை கணுக்காலில் தரும் அழுத்தம் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரப்பர் நூல் சேர்த்த காலுறைகள் வந்துவிட்டன. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிறகு நம் முன்னோர் வடித்த பால் உலகெங்கும் போனது. இன்று பெரும்பாலும் செயற்கை நூல்தான்.

அம்மா கேட்டுவிட்டு, "இதை யாரும் நம்ம பேச்சுல சொல்லலையே" என்றார். இப்போது காலையில் வீக்கம் ஏறுமுன்பே, மடிக்காமல் அணிகிறார். புண் ஆறிவிட்டது.

நண்பர்களே, மேடையில் தமிழை வாழ்த்துகிறோம், நல்லதுதான். நாம் படிக்கும் பாடத்தில் ஒன்றையாவது வீட்டில் தமிழில் சொல்லிப் பார்ப்போம். அது தேவைப்படுபவர் அடுக்களையிலேயே இருக்கலாம்.