அலறாமல் ஜெயித்த டீசல்!

டீசல் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? மேட்டில் முக்கி முனகி ஏறும் லாரி, வயலில் ஓடும் டிராக்டர், கரும்புகை கக்கும் பழைய பஸ். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெட்ரோல்தான், அதன் அலறலே தனி சுகம் என்பது கார் பிரியர்களின் நெடுநாள் நம்பிக்கை.

2006 ஜூனில் பிரான்ஸின் லெ மான் நகரில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அங்கே ஆண்டுதோறும் 24 மணி நேர கார் பந்தயம் நடக்கும். ஒரு சுற்று சுமார் 13.6 கிலோமீட்டர். இரவு பகலாக ஓடி அதிக தூரம் கடக்கும் காருக்கே வெற்றி. அந்த ஆண்டு 380 சுற்றுகள் ஓடி முதலிடம் பிடித்தது ஆடி நிறுவனத்தின் 'ஆர்10 டிடிஐ'. ஃபிராங்க் பீலா, இமானுவேலே பிர்ரோ, மார்கோ வெர்னர் மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். லெ மானில் ஒரு டீசல் கார் ஜெயித்தது அதுவே முதல் முறை.

காரணம் எளிது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நன்றாக அழுத்தினால் அது கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். இந்த முறையில் எரிபொருள் வீணாவது குறைவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும், பெட்ரோலைவிட டீசலில் ஆற்றல் அதிகம். எனவே ஒரே டேங்க்கில் கூடுதல் தூரம் போகலாம்.

இன்னொரு பலம், டார்க். அதாவது சக்கரத்தைத் திருகும் விசை. பாரம் ஏற்றிய லாரி மேடேறுவது இதனால்தான். ஆர்10-ன் 12 சிலிண்டர் என்ஜின் 1,100 நியூட்டன் மீட்டருக்கும் அதிகமான டார்க் தந்தது. வளைவில் வேகம் குறைந்தாலும், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பெரிய சத்தமில்லாமல்!

2006 முதல் 2014 வரை லெ மானில் தொடர்ந்து ஒன்பது வெற்றிகள் டீசலுக்கே. 2009-ல் மட்டும் பெஜோ, மற்றவை ஆடி. 2008-ல் 500 குதிரைத்திறன் கொண்ட டீசல் 'ஆர்8' மாதிரி காரையும் ஆடி காட்சிக்கு வைத்தது. ஆனால், அது விற்பனைக்கு வரவே இல்லை.

அழுத்தமும் சூடும் டீசலுக்கு பலம். நுரையீரலைப் பாதிக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உருவாவதும் அதே சூட்டில்தான். அதைச் சுத்தப்படுத்தச் செலவாகும். ஆடியின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன், பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை சாலை கார்களில் பொருத்தியிருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. சாலையில் அந்த கார்கள் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நச்சுப்புகை விட்டன என்றது அமெரிக்க அரசு. 2016-ம் ஆண்டோடு ஆடி லெ மானிலிருந்து விலகியது.

பந்தயத்தில் டீசல் காட்டிய திறமை பொய்யல்ல. ஆனால், அந்த மூச்சுக்காற்றைச் சுவாசிக்கப்போவது ரசிகர்கள் மட்டுமல்ல, தெருவில் விளையாடும் குழந்தைகளும்தான். மிதித்ததும் சத்தமின்றிப் பாயும் அந்த சுகத்துக்கு ஏங்குகிறவர்கள் இன்று ஒரு எலெக்ட்ரிக் காரை ஓட்டிப் பார்க்கலாம். டார்க் அதே மாதிரி உடனே கிடைக்கும். காருக்குப் பின்னால் புகைக்குழாய்தான் இருக்காது.